மஞ்சள் தாள்

அன்று காலை பதினொரு மணிக்கு மரக்காணத்தில் முஜீப் ரஹ்மானின் உப்புக் கிடங்கில் இருந்தவர்கள்: உப்பள மேஸ்திரி ராமதாஸ், அவரிடம் வேலை செய்யும் மாரியம்மாளும் இன்னும் பத்துப் பேரும், கிடங்கைச் சும்மா விட்டுக்கொடுத்த முஜீப் பாய், புதுச்சேரியிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி சங்கீதா, அவளுக்கு உதவியாள் ஆரோக்கியராஜ். வீடியோவில் வந்த பிள்ளைபிடிக்காரனும் இருந்தான். அதுவும் ஆரோக்கியராஜ்தான். இது அங்கே அவனுக்கும் சங்கீதாவுக்கும் மட்டும் தெரியும்.

ஒரு நிமிட வீடியோ. ஹெல்மெட் போட்ட ஒருவன் உப்பள வரப்பில் சாக்கு மூட்டையோடு ஓடுகிறான். மூட்டைக்கு வெளியே குழந்தையின் கால் தொங்குகிறது, சிவப்புச் செருப்போடு. ‘மரக்காணம் மக்களே, உஷார்’ என்று ஒரு பெண்குரல். கால் பொம்மையுடையது. குரல் சங்கீதாவின் ஹாஸ்டல் தோழியுடையது.

செல்போனில் வரும் வதந்தியில் சொந்த ஊர்ப் பெயர் இருந்தால் பயம் எவ்வளவு ஏறும், பொய் என்று சொன்னால் இறங்குமா என்பதுதான் ஆராய்ச்சி. வீடியோ முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளில் பயத்துக்கு மார்க் போட வேண்டும். இருபது நிமிடம் கழித்து இன்னொரு வெள்ளைத் தாள். கடைசியாக மஞ்சள் தாள்: பார்த்தது பொய், நாங்களே எடுத்தது என்று; அதிலும் ஒரு முறை மார்க். அதைப் படித்துக் காட்டாமல் ஒருவரையும் வெளியே விடக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் சங்கீதா கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“பயத்துக்குப் பத்துதான் கடைசியா? எங்க வூட்டுக்காரி என்னப் பாத்தாலே பத்து போட்டுடுவாளே” என்றார் ராமதாஸ்.

“உன் மூஞ்சிக்கு யாரு பயப்படுவா மேஸ்திரி?” என்றாள் மாரியம்மாள். சிரித்துக்கொண்டே அவளும் பத்துதான் போட்டாள்.

இரண்டாவது தாளுக்குக் காத்திருந்த பன்னிரண்டாவது நிமிடத்தில் இடி இடித்தது. வாரிக் குவித்த உப்பு வெளியே திறந்து கிடந்தது. மழை விழுந்தால் ஒரு மாத உழைப்பு தண்ணீராகிவிடும். பன்னிரண்டு பேரும் தாளைப் போட்டுவிட்டு உப்பை மூடத் தார்ப்பாயைத் தேடி ஓடினார்கள்.

“ஒரு நிமிஷம் இருங்க!” என்று சங்கீதா கத்தினாள். பொய் என்று கத்தவில்லை. கத்தியிருக்கலாம், காதில் விழும் தூரம்தான். இப்போது சொன்னால் இரண்டாவது தாள் கெட்டுப்போகும், மழை விட்டதும் திரும்பி வருவார்கள் என்று நினைத்தாள்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார்கள். நூறு பேராக வந்தார்கள்.

“யம்மா! ஆள புடிச்சிட்டோம்” என்றது சாத்திய கதவுக்கு வெளியே ராமதாஸின் குரல். “ஈசிஆர் ரோட்ல சாக்கோட போயினு இருந்தான். நீதான் வீடியோ வச்சிருக்கியே, வந்து பாத்து சொல்லு. இவன்தான?”

சங்கீதா ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். பழைய பாட்டில் பொறுக்குகிற கிழவர். கைகளைத் தார்ப்பாய்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள். காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. மாரியம்மாள் கையில் உப்பு வாரும் பலகை இருந்தது.

சங்கீதா முஜீப் பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

“யா அல்லாஹ்! இத என் கிடங்குல வச்சா காட்டினீங்க? கூட்டம் வந்ததுமே ஸ்டேஷனுக்கு போன் அடிச்சிட்டேன். ரோட்ல மரம் வுழுந்து கெடக்குதாம், அரை மணி ஆவுமாம்.”

“இவன் இல்லன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம், போதும்” என்றான் ஆரோக்கியராஜ். உதடு வெளுத்திருந்தது.

“இவன் இல்லன்னா எவன்னு கேப்பாங்களே, தம்பி” என்றார் பாய்.

மூன்று பேரும் மூலையைப் பார்த்தார்கள். ஹெல்மெட்டும் பொம்மையும் அங்கே ஒரு பையில் இருந்தன.

வெளியே ‘தொப்’பென்று ஒரு சத்தம். கிழவர் முனகினார். பிறகு முனகலும் இல்லை.

பொய் என்று சொன்ன பிறகும் பயம் இறங்காது. ஆராய்ச்சித் திட்டத்தின் முதல் பக்கத்தில் சங்கீதா எழுதியிருந்தது அதுதான். அதை நிரூபிக்கத்தான் இங்கே வந்திருந்தாள். நிரூபணமானால் இன்றைக்கு அந்தக் கிழவர் சாவார், அடுத்தது அவள். தான் எழுதியது தப்பாக இருக்க வேண்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டாள்.

பையிலிருந்து பொம்மையை எடுத்தாள். மஞ்சள் தாளையும் எடுத்தாள்.

“போவாதம்மா” என்றார் முஜீப் பாய். “போனா நான் கதவத் தொறந்து வைக்க முடியாது. உள்ள இந்தப் பையன் இருக்கான்.”

“பூட்டிக்குங்க பாய்.”

அவள் தாழ்ப்பாளை நீக்கி வாசலில் இறங்கினாள். கூட்டம் வழி விட்டது. ராமதாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். சிவப்புச் செருப்பைப் பார்த்தார்.

“இது எப்படி உங்கிட்ட?”

வாய் திறந்தாள். மஞ்சள் தாளை உயர்த்திப் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது.