ஆறு மாசம் ஓடினால் போதும்

மெஷின்காரர் தரையில் ஒருக்களித்துப் படுத்து, வாஷிங் மெஷினின் அடிப்பக்கத்துச் சின்ன மூடியைத் திருகியதும் அழுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அவள் ஒரு தட்டை அடியில் தள்ளினாள். வாளி நுழையாத இடம், தட்டுதான் நுழைந்தது. நிரம்பியதும் இழுத்து, சிந்தாமல் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். இருபதாவது தட்டோடு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

உள்ளே அப்பாவின் படுக்கை விரிப்புகள் நான்கு சிக்கியிருந்தன. நேற்று மதியம் போட்டவை. பிழிகிற நேரத்தில் மெஷின் லாரி மேடு ஏறுவதுபோல் கத்திவிட்டு நின்றுபோயிற்று. தண்ணீர் உள்ளே இருக்கும்வரை கதவு திறக்காது, அது அதன் சட்டம். வீட்டில் மீதியிருந்தவை இரண்டே விரிப்புகள். ஒன்று அப்பாவுக்கு அடியில் கிடந்தது, இன்னொன்று ஜன்னல் கம்பியில் ஈரமாகத் தொங்கியது. அந்த ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். அங்கே எந்தத் துணியும் லேசில் காயாது.

மெஷின் இருந்தது நடையில். இந்தப் பக்கம் குளியலறை, அந்தப் பக்கம் அப்பாவின் அறை. ஒருவர் நின்றால் இன்னொருவர் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டுதான் கடக்க முடியும். அப்பாவின் அறைக்குக் கதவு கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டிலை உள்ளே கொண்டுபோவதற்காகக் கழற்றிய கதவை யாரும் திரும்ப மாட்டவில்லை. இரண்டு வருடமாக ஒரு திரைதான்.

திரைக்குப் பின்னால் அப்பா படுத்திருந்தார். பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் மெக்கானிக். இப்போது வலது கை மட்டும் பாக்கி. அந்தக் கையில் எப்போதும் ஒரு ஸ்பூன். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று என்றால் அவள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். வாயால் பேசுவது நாளைக்கு நாலைந்து வார்த்தை, அதையும் அளந்துதான். மூன்று வாரத்துக்கு முன்னால் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டை விழுங்கிவிட்டு, "பேரிங்" என்றார்.

"என்னப்பா?"

"பேரிங் போகுது."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்னபடியே போயிற்று.

"பேரிங்தாம்மா," என்று மெஷின்காரர் எழுந்து உட்கார்ந்தார். கதவு க்ளிக் என்று திறந்துகொண்டது. விரிப்புகள் புளித்த வாடையோடு வெளியே சரிந்தன. "சீலும் போச்சு. தண்ணி இறங்கித் துரு ஏறியிருக்கு. ரெண்டு வழிதான். டிரம்மக் கழட்டிக் கொண்டுபோயி பேரிங் மாத்திக் கொண்டாறேன். இல்ல, புதுசு வாங்கிடுங்க. இதுக்கும் வயசாச்சு."

"மாத்தினா எவ்வளவு நாள் வரும்?"

"என்னது?"

மோட்டார்களோடு இருபது வருடம் குடித்தனம் பண்ணியதில் அவருக்கு இடது காது அவுட், வலது காது அரைகுறை. அவரிடம் நலம் விசாரிக்கக்கூட ஊரைக் கூட்ட வேண்டும்.

"எவ்வளவு நாள் வரும்?" என்று கத்தினாள்.

"ஆறு மாசத்துக்கு நான் கேரண்டி. எழுதியே தருவேன். அதுக்கு மேல அது பாடு."

அண்ணன் காலையிலேயே போனில் முடிவைச் சொல்லிவிட்டிருந்தான். விமானத்தில் வர வேண்டிய தூரத்தில் இருப்பவர்களுக்கு முடிவெடுப்பது சுலபம். "புதுசே வாங்கிடு. மோட்டாருக்குப் பத்து வருஷம் வாரண்டி தர்றான். பத்து வருஷம் நீ நிம்மதியா இருக்கலாம்."

பத்து வருஷம். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. கூட்ட வேண்டாம் என்று நினைப்பதற்குள் மனசு கூட்டிவிட்டது. போன வாரம் டாக்டர் அப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இதயம் பிரமாதமா இருக்கு, கவலையே படாதீங்க," என்றிருந்தார். அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முதல் வருடம், "எப்ப வேணா வாம்மா" என்றார். இரண்டாம் வருடம் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடை, மளிகைக்கடை, திரும்பி வீடு. இருபது நிமிடத்துக்கு மேல் அவள் வெளியில் நின்று இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவளுக்குப் பாரமில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அது பாரமா இல்லையா என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. பத்து வருஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் நினைவு வந்தது.

"ரிப்பேரே பண்ணிடுங்க," என்றாள்.

"என்னது?"

"ரிப்பேர்!"

"நல்லா யோசிச்சுக்குங்க. ஏழாவது மாசம் என்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது."

"போட மாட்டேன். ஆறு மாசம் ஓடினா போதும்."

அவர் வலது காதுக்குக் கையைக் குவித்துக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். "எவ்வளவு?"

"ஆறு மாசம் ஓடினா போதும்! அதுக்கு மேல வேண்டியிருக்காது!"

கத்தி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. மெஷின்காரர் தலையாட்டிவிட்டு ஸ்குரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார். அவருக்கு அது வெறும் கணக்கு. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரை அசையவில்லை.

பிறகு ஒரு தட்டு கேட்டது.

அவள் குடுவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவின் தலையைத் தூக்கி, தண்ணீரைப் புகட்டியபடியே முகத்தைப் பார்த்தாள். எப்போதும் இருக்கிற முகம்தான். நெற்றி சுருங்கவில்லை, கண் கலங்கவில்லை. தூங்கியிருப்பார், இப்போதுதான் விழித்திருப்பார் என்று அவள் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அப்பா உதட்டை மூடிக்கொண்டார். அப்புறம் திறந்தார்.

"ஷாஃப்ட்டப் பாக்கச் சொல்லு."

"என்னப்பா?"

"ஷாஃப்ட் தேஞ்சிருந்தா..." மூச்சு வாங்கினார். "பேரிங் நிக்காது. புதுசு வாங்கிடு."

"சரிப்பா."

"உனக்குத்தான் வேணும்," என்றார். மூன்று நாளைக்கான வார்த்தைகளை ஒரே தடவையில் செலவழித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

அறை வேலைகளை முடித்துக்கொண்டு அவள் நடைக்கு வந்தாள். மெஷின்காரர் டிரம்மைக் கழற்றிச் சாக்கில் சுற்றியிருந்தார். "கிளம்பறேம்மா. சாயந்தரம் போன் பண்றேன்," என்று தோளில் ஏற்றினார்.

சொல்ல வேண்டியது ஒரே வரி. டிரம்மைத் தாங்கிச் சுழல்கிற ஷாஃப்ட்டைப் பாருங்கள். அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பார்த்து, தேய்ந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் புது மெஷின் வரும். பத்து வருடம் அட்டைப்பெட்டியோடு வந்து இந்த நடையில் இறங்கும். அவளுக்குப் பயமாக இருந்தது. உனக்குத்தான் வேணுமாமே, எனக்கு எது வேணும்னு இவருக்கு என்ன தெரியும் என்று கோபமும் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடம் உள்ளே அப்பாவுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

"சரி, போயிட்டு வாங்க," என்று மட்டும் கத்தினாள்.

மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, நான்கு விரிப்புகளையும் குளியலறையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கையால் துவைத்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாக அடித்து, அலசி, முறுக்கிப் பிழிந்தாள். ஒற்றை ஆளாக விரிப்பைப் பிழிவது லேசில்லை. ஒரு நுனியைக் குழாயில் கட்டிவிட்டு மறுநுனியை முறுக்கினாள். வாளியில் விழுந்த தண்ணீரின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த இரைச்சல் அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரம் அவளை யாரும் கூப்பிடவில்லை.

குழாயை மூடியபோது வீடு அமைதியாக இருந்தது.

ஈரக் கையோடு திரையை விலக்கினாள். அப்பாவின் தலை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. ஸ்பூன் தரையில் கிடந்தது. "அப்பா," என்றாள். குனிந்து ஸ்பூனை எடுத்துத் துடைத்து அவர் கையில் வைத்தாள். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மாடிவீட்டு டீச்சர் அவளை உட்கார வைத்துவிட்டுப் போன் பண்ணினார். டாக்டர் வந்து, "தூக்கத்துலயே போயிருப்பார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார்," என்றார். இதைத்தான் எல்லோரிடமும் சொல்வார் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பாவை மூடக் காய்ந்த விரிப்பு ஒன்றுகூட இல்லை. டீச்சர் தன் வீட்டிலிருந்து பூப்போட்ட விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அண்ணனும் அண்ணியும் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குறை வைக்கல," என்றார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவள் தரையையே பார்த்தாள். ஸ்பூன் தானாக நழுவி விழுந்ததா, தட்டித் தட்டி ஓய்ந்துபோய் விழுந்ததா? ஒருவரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குழாய் திறந்திருந்ததைச் சொல்லியிருப்பாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மெஷின்காரர் டிரம்மோடு வந்து நின்றார். விஷயம் கேள்விப்பட்டுத்தான் இரண்டு நாள் வரவில்லை என்றார். அண்ணன், "எடுத்த வேலைய முடிச்சிட்டுப் போகட்டும்," என்று அவரை நடைக்கு அழைத்துப் போனான். கால் மணியில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"இந்தாங்க. ஆறு மாசம். அம்மா கேட்டபடியே," என்று தன் வழக்கமான குரலில் சொன்னார். வீடு முழுக்கக் கேட்டது. அண்ணன் அட்டையை வாங்கிக்கொண்டு தங்கையைப் பார்த்தான். அவள் எழுந்து அப்பாவின் அறைக்குள் போய்விட்டாள்.

கட்டில் இன்னும் அங்கேயே இருந்தது. பிரித்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு ஆள் வரவில்லை. மெத்தையைச் சுருட்டி வெளியே போட்டிருந்தார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கட்டிலில் அவள் உட்கார்ந்ததே இல்லை, நின்றுகொண்டேதான் எல்லாம் செய்தாள். இப்போது உட்கார்ந்தாள். கால் வலித்தது. இரும்புக் கம்பிகளின்மேல் அப்படியே சாய்ந்து, அப்பா தலை வைக்கிற இடத்தில் தலையை வைத்தாள். எதிரே திரை.

அடுப்படியில் யாரோ டம்ளரைக் கவிழ்த்தார்கள். அடுப்படி அங்கிருந்து இரண்டு அறை தள்ளி.

"ஆறு மாசம் போதும்னு அவளே கேட்டாளாமே," என்று அண்ணி சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள், துக்க வீட்டில் ரகசியம் பேசுகிற குரலில்.

"நான் புதுசுதான் வாங்கச் சொன்னேன்," என்றான் அண்ணன், அதைவிட மெல்ல. "அவளுக்கும் அலுத்துப்போயிருக்கும். விடு."

ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டது. அண்ணன் பெருமூச்சு விட்டதுகூடக் கேட்டது. நடையில் மெஷின்காரர் ஸ்குரூவைப் பையில் போடுகிற சத்தம் காதுக்குள் போடுவதுபோல் இருந்தது. அவள் அப்படியே கிடந்தாள். உடம்பில் ஒரு இடமும் அசையவில்லை. சில நிமிடம் கழித்து மெஷின் ஓடத் தொடங்கியது. சத்தமே இல்லாமல், வெண்ணெயாகச் சுற்றியது.

"பாத்தீங்களா, எப்படி ஓடுது," என்றார் மெஷின்காரர்.

அவள் எழுந்து திரையை விலக்கி நடைக்கு வந்தாள். சத்தம் கேட்டு அண்ணனும் அண்ணியும் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"ஷாஃப்ட்டப் பாத்தீங்களா?" என்றாள்.

"என்னது?"

"ஷாஃப்ட்! ஷாஃப்ட்டப் பாக்கச் சொன்னாரு!"

அவர் வலது காதுக்குக் கையைக் குவித்தார். "யாரு?"

"அப்பா!" என்று கத்தினாள். "அன்னிக்கே சொன்னாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

மெஷின்காரர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், விலகியிருந்த திரை வழியாக வெறும் கட்டிலைப் பார்த்தார். பிறகு மெஷினை நிறுத்தினார். டிரம் சுற்றி ஓய்ந்து நின்ற பிறகும் கதவு திறக்க இரண்டு நிமிடம் பிடிக்கும். நான்கு பேரும் அந்தக் குறுகலான நடையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். க்ளிக் என்றது. அவர் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு, டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கேட்கிற காதை அதன் பக்கம் சாய்த்தார். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் டிரம் ஆடும். மெல்ல மேலே தூக்கி விட்டார்.

டொக் என்று ஒரு சத்தம் வந்தது. ஒரே ஒரு தட்டு.

அவள் குடுவையை எடுக்கத் திரும்பினாள்.