பேட்டரிக்குச் சந்தனம்

பௌதிக வாத்தியார் பட்டாபிராமனாகிய என்னைப் பைத்தியம் என்று சொல்லாதவர் ஒருவர்தான் இருந்தார். எனக்கு இந்த வேனை விற்ற துரை. அவரும் ஐம்பத்து மூன்றாம் வருஷம் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

வேனுக்குள் கட்டில், அடுப்பு, விளக்கு எல்லாம் உண்டு. பள்ளிக்கூட மணி கேட்காத ஒரே இடம் எனக்கு அதுதான். அதன்மேல் உயிரையே வைத்திருந்தேன். அதுவோ செங்கல்பட்டுக் கடைத்தெருவில் நான்கு முறை நின்றது. நான்காவது முறை பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளிய என் மனைவி காமு, அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை யாராவது இதைத் தள்ளினா, ஐஸ் வியாபாரிக்கு வித்துடணும். மீன் ஏத்திண்டு போகட்டும்."

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போய்த் திரும்புவதுதான் பரீட்சை. என் நம்பிக்கையைக் காட்டுவதற்காக, எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் கம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றையும் அன்று விடியற்காலையில் செய்திருந்தேன். அதைப் பற்றி வாய் திறப்பதாக இல்லை.

கடற்கரையில் புளியோதரை முடிந்தது. ஸ்டார்ட்டரை அமுக்கினேன். 'டக்' என்றது. மறுபடி அமுக்கினேன். அந்த 'டக்'கும் இல்லை. காமு வெளியே பார்த்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தள்ளுவதற்கு ஆசையோடு வந்தார்கள்.

"தொடாதீங்கோ!" என்று கத்தினேன்.

அவர்களோடு வந்த தாண்டவராயன் என்பவன் மட்டும் தள்ள நினைக்கவில்லை. பர்மா யுத்தத்தில் மிலிட்டரி லாரி ஓட்டியவனாம்.

"லைட்டைப் போடு சாமி. எரியுது பாரு. இப்ப ஸ்டார்ட்டரை அமுக்கு. அணைஞ்சு பூட்சா? பேட்டரில கரண்டு கீது, வர்ற வழிதான் அடைச்சுகினு கீது. பேட்டரி எங்க?"

"பேட்டரில ஒண்ணும் இருக்காது. பெட்ரோலைப் பாரேன்" என்றேன். இருபது வருஷம் மின்சாரம் கற்பித்தவன் பேசுகிற பேச்சா அது?

பேட்டரி கட்டிலுக்கு அடியில். மெத்தை, கூஜா, தயிர்சாதத் தூக்கு எல்லாம் மணலுக்கு இறங்கின. தாண்டவராயன் என்னை இன்னொரு முறை அமுக்கச் சொல்லிவிட்டு, கம்பி மாட்டியிருந்த இரண்டு முனைகளையும் விரலால் தொட்டான்.

"இது சும்மா கீது. இது சுடுது. கோளாறு இங்கதான்."

அவன் சுட்ட முனையில் கம்பியைப் பிடித்திருந்த கவ்வியை ஸ்பானரால் கழற்றினான். சுற்றிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உள்ளே, காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"இன்னா சாமி இது? ஈரமா இருந்தப்ப ஓடிகினு இருந்திருக்கும், காஞ்சதும் அடைச்சுகிச்சு. பேட்டரிக்குப் பொட்டு வச்சது யாரு?"

எல்லோரும் காமுவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வெட்கக்கேடு, பார்த்தேன்.

"நான் வைக்கலை" என்றாள் அவள். "ஆயுத பூஜைக்கு வண்டிக்கு ஒரு பொட்டு வைக்கறேன்னதுக்கே, பௌதிகத்தில் அதுக்கு இடமில்லைன்னு அரைமணி நேரம் பாடம் எடுத்தார்."

தப்பிக்க வழி இல்லை.

"நான்தான் வைச்சேன்" என்றேன். "நீ குளிக்கப் போனப்போ. வித்துடுவியோன்னு பயமா இருந்தது."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. காமு வேனுக்குள் ஏறினாள். அடுப்பில் வெந்நீர் வைத்து, ஆப்பசோடாவைக் கரைத்து எடுத்து வந்தாள். தாண்டவராயன் அதை ஊற்ற, உப்பு நுரைத்துப் பொங்கிக் கரைந்தது. முனையின் ஈயம் பளபளக்கும் வரை சுரண்டினான். துடைத்துக் காயவைத்து, கவ்வியை ஆடாமல் இறுக்கி, மேலே மட்டும் வாஸ்லின் தடவினான்.

அமுக்கினேன். வேன் உறுமிக் கிளம்பியது. தள்ள வந்தவர்கள் ஏமாற்றத்தோடு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

திருக்கழுக்குன்றம் தாண்டினோம். ஐஸ் வியாபாரிதான் என் கண்ணுக்குள் நின்றான்.

"ஏன்னா."

"சொல்லு."

"அடுத்த ஆயுத பூஜைக்கு வண்டிக்கு நானே பொட்டு வைக்கறேன். எங்கே வைக்கணும்னு உங்களுக்குத் தெரியலை."