பிள்ளைங்க எத்தனை?

பெரிய டீச்சர் ஒன்றாம் வகுப்பு அறையின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் சாக்பீஸ் டப்பா. காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டு பேசினார்.

"அக்கா, மாடியப் பாக்க ஒரு குடும்பம் வந்திருக்கு. நல்ல மாதிரியா தெரியுது," என்றார் சாவிக்கொத்து. அவர் வீட்டுத் தரகர். அந்தப் பகுதியில் காலியாகக் கிடக்கும் வீடுகளின் சாவியெல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும். ஊரே சாவிக்கொத்து என்று கூப்பிட்டதில் சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

"பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டு."

"அப்ப வேணாங்க. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கேனே. நாள் முழுக்கப் பிள்ளைங்க சத்தத்துலயே இருக்கேன். வீட்டுக்கு வந்தா காது கொஞ்சம் ஆறணும்."

"இங்க வாசல்லதான் நிக்கிறாங்க அக்கா."

"தன்மையா சொல்லி அனுப்பிடுங்க."

பேச்சு முடிந்தது, பூட்டும் திறந்தது. பெரிய டீச்சர் உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்தார். ஒரு காலத்தில் பிள்ளைகள் இடித்துக்கொண்டு உட்கார்ந்த அறை அது. இப்போது பாதி பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றின் மேல் உடைந்த பூகோள உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தது.

அவர் அந்தத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. மூக்கு ஒழுகும் பிள்ளைக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதைத் துவைத்துத் தரச் சொல்லிக் கேட்காதவர். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு மனசும் வீட்டில் ஒரு மனசும் வைத்துக்கொண்டு வாழ்வது அவருக்கு மட்டுமே உரிய வியாதி இல்லையே. நம்மில் பலருக்கும் இருக்கிறது. என்ன, நமக்கு யாரும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

அன்றைக்கு அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது வேறு கவலை. அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது சேராவிட்டால் அந்த வகுப்பை மூடிவிட்டு, பள்ளியையே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு இணைத்துவிடுவதாகக் கல்வி அலுவலர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "உங்க பகுதியில பிள்ளைங்க பிறப்பே குறைஞ்சுபோச்சு டீச்சர். நான் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரித்தார். இதுவரை கிடைத்தது ஏழு பிள்ளைகள்.

ஆகவே மாலையில் பெரிய டீச்சரும் சின்ன டீச்சரும் பிள்ளை தேடிக் கிளம்பினார்கள். சின்ன டீச்சர் போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுக்கச் சம்பளம் கட்டுப்படியாகாமல் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். செருப்பு தேய்வதைப் பற்றி அவளிடம் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

முதல் தெருவில் வயதான தம்பதிகள். மகன் ஒரு தேசம், மகள் ஒரு தேசம். பேரப்பிள்ளைகளைக் கைபேசியில் காட்டினார்கள். அழகான பிள்ளைகள்தான், ஆனால் படத்தைப் பள்ளியில் சேர்க்க முடியாதே. அடுத்து மூன்று வீடுகள் பூட்டியிருந்தன. அதற்கடுத்த மாடி வீட்டில் 'அறைகள் தின வாடகைக்கு' என்று பலகை. பெரிய மருத்துவமனை வந்ததிலிருந்து அந்தப் பகுதியில் பாதி வீடுகள் இப்படி மாறிவிட்டன. நோயாளிகளோடு வருகிறவர்கள் நான்கு நாள் தங்குவார்கள், போவார்கள். மாத வாடகையில் வராத பணம் அதில் வருகிறது.

பின் தெருவில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாடியில யாரும் குடியில்லையா சார்?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

"இருந்தாங்க. வாடகை ஏத்தினேன், போயிட்டாங்க. இப்ப பாத்துதான் விடணும். பிள்ளைகுட்டிக்காரங்களுக்கு விட்டா செவுரெல்லாம் கிறுக்கி வச்சிடுதுங்க."

தெருமுனை திரும்பியதும் பெரிய டீச்சர் பொரிந்து தள்ளினார். "கேட்டியா அந்த மனுஷன் பேச்ச? இவரு மட்டும் பேண்ட் சட்டையோட வளந்தே பிறந்தாரா? இப்படி ஆளாளுக்குப் பிள்ளைங்கள வேணாம்னு சொன்னா நம்ம பள்ளிக்கூடத்துக்கு யாரு வருவா?"

சின்ன டீச்சர் 'உம்' கொட்டினாள். அவள் கவனம் வேறிடத்தில் இருந்தது. "டீச்சர், இந்தத் தெருக் கடைசி வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க இருக்காம். ஒரு பொண்ணு, ஒரு பையன். அஞ்சு வயசாம்."

பெரிய டீச்சரின் நடையில் வேகம் கூடியது. ஒரே வீட்டில் இரண்டு என்றால் சும்மாவா?

கதவு திறந்தே இருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள். பாத்திரங்கள் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தன. இரண்டு பிள்ளைகளும் ஒரு காலிப் பெட்டிக்குள் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அம்மா மருத்துவமனைச் சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸ். அப்பா பஸ் ஓட்டுநர், வேலைக்குப் போயிருந்தார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர்," என்றாள் நர்ஸ், வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு. "உங்க பள்ளிக்கூடத்துலதான் சேக்கணும்னு ஆசையா இருந்தோம். ஆனா ஞாயித்துக்கிழமை காலி பண்றோம். வீட்டுக்காரங்க இத தின வாடகைக்கு மாத்தப் போறாங்களாம். என் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்காக என்னையே காலி பண்ணச் சொல்றாங்க." சிரிக்கத்தான் முயன்றாள்.

"எங்க போறீங்க?"

"ஊருக்கு வெளிய, குவாரியும் தாண்டி. அங்கதான் எங்களால குடுக்க முடியற வாடகைக்கு வீடு கிடைக்குது. நைட் ஷிப்ட் முடிஞ்சா விடியற வரைக்கும் பஸ் கிடையாது. பிள்ளைங்க கண்ணு முழிக்கிறதப் பாக்க முடியாது, அவ்வளவுதான்."

"இங்கயே வேற வீடு தேடிப் பாத்திருக்கலாமே?"

"தேடாம இருப்போமா டீச்சர்? சில எடத்துல வாடகை ஒத்துவரல. ஒத்துவந்த எடத்துல பிள்ளைங்க ஆகல. இன்னிக்குக் காலையிலகூட ஒரு மாடி பாக்கப் போனோம். நீலக் கேட்டு. மாடிப்படி வெளிப்பக்கமா போகும், படிக்கு அடியில ஒரு பழைய சைக்கிள் நிக்குது. வாடகை கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா குடுத்துடலாம்னு இருந்தோம். பிள்ளைங்க ரெண்டும் படியில ஏறவே ஆரம்பிச்சிடுச்சுங்க. சாவிக்கொத்துதான் போன்ல பேசிட்டு, வேணாம்மான்னுட்டாரு. கீழ இருக்கறவங்களுக்குச் சத்தம் ஆகாதாம்."

சின்ன டீச்சர் சட்டென்று குனிந்து, அவிழாத செருப்பு வாரைச் சரிசெய்தாள். விடைத்தாள் திருத்த எத்தனையோ முறை அந்த நீலக் கேட்டைத் திறந்துகொண்டு போனவள் அவள். அந்தச் சைக்கிள் யாருடையது என்பதும் தெரியும்.

பெரிய டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. "கொஞ்சம் தண்ணி குடுக்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து நர்ஸ் ஒரு டம்ளரை எடுத்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய டீச்சர் கிளம்பினார். திரும்பும் வழியெல்லாம் இரண்டு டீச்சர்களும் ரோட்டைப் பார்த்தே நடந்தார்கள்.

வீட்டில் பெரிய டீச்சரின் கணவர் உற்சாகமாக இருந்தார். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்ற மனிதர். "வந்துட்டியா? மாடி முடிஞ்சமாதிரிதான். கம்பெனியில வேலை பாக்கிற ஜோடி. ரெண்டே பேரு, பகல் முழுக்க வீட்டுல இருக்க மாட்டாங்க. நாம கேட்ட வாடகைக்கு மேலயே தர்றாங்க. ராத்திரி அட்வான்ஸ் குடுக்க வர்றேன்னாங்க."

"வரவேணாம்னு சொல்லிடுங்க."

"என்ன?"

நடந்ததைப் பெரிய டீச்சர் சொன்னார். கணவர் கேட்டுக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பிள்ளைங்க வேணாம்னு ஒத்தக்கால்ல நின்னது நீதானே?"

"நான்தான். அதனாலதான் தாங்கல."

"சரி, அவங்களால இந்த வாடகை முடியுமா?"

"முடியாது. முடிஞ்சதுதான் வாங்கிக்கணும்."

"மாடி பாத்ரூம் ஒழுகறத அந்தக் காசுலதான் சரிபண்ணலாம்னு நெனச்சேன்."

"கொஞ்ச நாள் ஒழுகட்டும். அடியில பக்கெட்டு வைக்கலாம்."

கணவர் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "மத்தியானம் நான் தூங்கறப்ப தலைக்கு மேல திடுதிடுன்னு ஓடும்."

"ஓடத்தான் செய்யும். ஏங்க, காலையில போன்ல அந்தப் பிள்ளைங்கள வேணாம்னு சொல்லிட்டு, சாயங்காலம் அதே பிள்ளைங்களப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கன்னு கூப்பிடப் போயிருக்கேன். எனக்கே நான் யாருன்னு புரியல. நமக்கு ஊசி போடறதுக்கு அந்தப் பொண்ணு வேணும், நம்ம பஸ்ஸ ஓட்ட அவ புருஷன் வேணும். அவங்க இருக்க மட்டும் எடம் கிடையாதுன்னா என்ன நியாயம்?"

கணவர் கைபேசியை எடுத்து கம்பெனி ஜோடியின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். அதற்குள் பெரிய டீச்சர் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

நர்ஸ் இன்னும் பெட்டிதான் கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய டீச்சர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "அந்த நீலக் கேட்டு என் வீடும்மா."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப காலையில வேணாம்னு சொன்னது?"

"நான்தான். இப்ப வாங்கன்னு கூப்பிட வந்திருக்கேன். உங்களால முடிஞ்ச வாடகையக் குடுங்க."

அழுது கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அவள் அப்படிச் செய்யவில்லை. மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். பிறகு கேட்டாள்: "பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பிள்ளை வேணும்கிறதுக்காகக் குடுக்கிறீங்களா டீச்சர்?"

கேள்வி சுருக்கென்று தைத்தது. பெரிய டீச்சர் மழுப்பவில்லை.

"முதல்ல வந்தது அதுக்காகத்தான். இப்ப வந்தது வெட்கப்பட்டு. எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கிறதுங்கிறது உங்க இஷ்டம். மாடிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"இதுங்க ஓடும் டீச்சர். கட்டிப்போட முடியாது."

"ஓடட்டும்மா."

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகள் குவாரிப் பக்கம் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி, நீலக் கேட்டுக்குள் போயின. மறுநாளே பிள்ளைகள் இரண்டும் படிக்கு அடியில் இருந்த சைக்கிளின் மணியைக் கண்டுபிடித்துவிட்டன. அதற்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தது டீச்சரின் கணவர்தான். மத்தியானத் தூக்கம் போனதை அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

பெரிய டீச்சர் அதோடு விடவில்லை. மாலை மாலை வீட்டுச் சொந்தக்காரர்களிடம் போனார். "நானும் உங்கள மாதிரிதான் செஞ்சேன்" என்று ஆரம்பித்தார். சிலர் உட்காரச் சொன்னார்கள். சிலர் கதவை முழுக்கத் திறக்கவேயில்லை. வங்கி மேலாளர் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடியே கேட்டுவிட்டு, "பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

மாதக் கடைசியில் கல்வி அலுவலர் வந்தார். இரட்டையர்கள் சேர்ந்தும் ஒன்பதுதான். "ஒண்ணு குறையுதே டீச்சர். நான் சொன்னேனே, இந்தப் பகுதியில பிறப்பு குறைஞ்சுபோச்சு."

"பிறப்பு கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம் சார்," என்றார் பெரிய டீச்சர். "ஆனா பிறந்த பிள்ளைங்களயும் நாங்கதான் விரட்டினோம். வீடு வச்சிருக்கிற நாங்க, வாடகைய ஏத்தி ஏத்திப் பாதிப்பேரத் துரத்தினோம். மிச்சப்பேர வாசல்லயே நிறுத்தி, பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டு அனுப்பினோம். அப்புறம் ஊருல பிள்ளையே இல்லையேன்னு உக்காந்து வருத்தப்படறோம். பிள்ளைக்கு எடம் குடுக்காத ஊரு, கட்டடமா எவ்வளவு வளந்தாலும் அது வளர்ச்சி இல்ல சார். இத நான் அடுத்தவங்களுக்குச் சொல்லல. மொதல்ல என் வீட்டுக் கேட்டத்தான் திறக்க வேண்டியிருந்துச்சு."

அலுவலர் சுவரோரம் அடுக்கியிருந்த பெஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பள்ளி திறக்கும் நாள்வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் கைபேசி அடித்தது. சாவிக்கொத்து.

"அக்கா, அந்த பேங்க்குக்காரரு மாடிய ஒரு குடும்பத்துக்குக் காட்டச் சொல்லியிருக்காரு. ஒரு பிள்ளை இருக்கு. நீங்க சொன்ன மாதிரி, எத்தனைன்னு கேக்கல, எந்த வகுப்புன்னுதான் கேட்டேன்." அவர் குரல் இறங்கியது. "ஆனா மூணாவதாம் அக்கா. உங்களுக்கு ஒண்ணாவதுக்குத்தானே ஆள் வேணும்? உங்க கணக்குக்கு ஆகாதே. என்ன சொல்லட்டும்?"

பெரிய டீச்சர் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கணக்குக்கு ஆகலன்னா என்னங்க, அதுவும் பிள்ளைதானே. வாசல்ல நிக்க வைக்காம உள்ள கூட்டிட்டுப் போங்க."