கீழ்ப்படிந்த வீடு

கெய்ரோவுக்குத் தள்ளியிருந்த மித் ரைஹான் ஊரில் வெங்காயக் கிடங்குச் சந்தின் கடைசி வீடு தவ்ஹீதா சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது, அறுபத்தாறாம் வருஷம், தக்காளி விலை இறங்கியிருந்த ஒரு புதன்கிழமை மதியம். அதற்கு முன் அந்த வீடு யார் பேச்சையும் கேட்டதாகத் தகவல் இல்லை. மழைக்கு ஒழுகாதே என்றால் ஒழுகும், ஜன்னலைத் தள்ளினால் அசையாது, நிலைப்படி அத்தனை பேர் தலையையும் பதம் பார்த்திருந்தது.

தவ்ஹீதா ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுப்பவள். அவள் குரலைக் கேட்பதற்காகவே பருத்தி வியாபாரிகள் தங்களுக்கு ஒரு வேலையும் இல்லாத ஊருக்கெல்லாம் போன் போட்டார்கள். செருப்புக்கடை வைத்திருந்த அவள் புருஷன் ஷெஹாத்தாவுக்கு அந்தக் குரல்தான் ஆகவில்லை. ஊரே கேட்கிற குரல் தன் வீட்டில் எதற்கு என்று சொல்லிச் சொல்லி அடித்தான். ஒருநாள் விழுந்த அறையில் இடது காது கேட்காமல் போயிற்று. மிச்சமிருந்த காதைக் காப்பாற்றிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஷெஹாத்தா கோர்ட்டுக்குப் போனான். வீட்டை விட்டுப் போன மனைவியைப் போலீஸ் பிடித்துவந்து புருஷனிடம் சேர்க்கிற காலம் அது. அவன் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு வீடு பார்த்து வைப்பதுதான். அடுப்பும் படுக்கையும் கதவுக்குப் பூட்டும் இருந்தால் போதும். சட்டத்தில் அதற்குக் கீழ்ப்படிதல் வீடு என்று பெயர். ஷெஹாத்தா தேடித்தேடி, உள்ளே கத்தினால் வெளியே கேட்காத தடித்த சுவருள்ள வீடாகப் பிடித்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

போலீஸ்காரர் கிர்கிஸ் அவளைக் குதிரை வண்டியில் கூட்டிவந்தார். நல்ல மனுஷர், வழியெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல் குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று உத்தரவைச் சத்தமாகப் படித்தார்: இது கீழ்ப்படிதல் வீடு, இன்றுமுதல் இங்கே கீழ்ப்படிதல் நடக்க வேண்டும். அங்கேதான் தப்பு நடந்தது. கட்டிய நாள்முதல் அந்த வீட்டின் முகத்துக்கு நேரே யாரும் எதையும் படித்ததில்லை. உத்தரவு தனக்குத்தான் என்று வீடு எடுத்துக்கொண்டது.

தவ்ஹீதா உள்ளே போனாள். இனி வெளியுலகம் கிடையாது என்றே நினைத்தாள். ஷெஹாத்தா வாசற்படியில் நின்று சாவியைச் சுழற்றினான்.

"இப்பக் கத்துடீ பாப்போம். உன் எக்ஸ்சேஞ்சுக்கே கேக்கட்டும்."

"வாயை மூடு!" என்றாள் தவ்ஹீதா. கல்யாணமாகி அவனைப் பார்த்து அவள் சொன்ன முதல் கட்டளை அது.

ஷெஹாத்தா மூடவில்லை. வீட்டுக்கு இருந்தது ஒரே வாய், வாசற்கதவு. அது டமாரென்று மூடிக்கொண்டது. ஷெஹாத்தா சந்தின் நடுவே உட்கார்ந்திருந்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

உள்ளே தவ்ஹீதா மூடிய கதவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, தொழில் பழக்கம், "ஹலோ, கேக்குதா?" என்றாள். சுவர்கள் கேட்கிறது என்பதுபோல் முனகின. ஜன்னல் என்று சொல்லிப் பார்த்தாள். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த ஜன்னல் திறந்து வெயில் உள்ளே கொட்டியது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு உம்மு நஸீஃப் அதைக் கேட்டுக் குலவை போட, சந்தே சேர்ந்து குலவையிட்டது.

ஷெஹாத்தா போலீஸ்காரரைப் பிடித்து உலுக்கினான். கிர்கிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அண்ணே, பொம்பளைய வீட்ல சேக்கச் சொன்னாங்க, சேத்துட்டேன். உங்கள வீட்ல சேக்கச் சொல்லி உத்தரவு ஒண்ணும் இல்லியே."

சாவி திரும்பவில்லை. ஷெஹாத்தா கூட்டிவந்த ஆசாரியின் கோடாலி கழன்று பக்கத்துக் கிடங்கின் வெங்காயத்தில் போய் விழுந்தது. மொட்டைமாடி வழியாக இறங்கப் பார்த்தான். மாடி சாய்ந்து அவனை வழித்துக் கழுதைவண்டியில் போட்டது. ஆனால் தவ்ஹீதா வேலைக்குக் கிளம்பினால் கதவு தானாகத் திறக்கும், திரும்பி வந்தாலும் திறக்கும். கடைசியில் ஷெஹாத்தா, வீடு கீழ்ப்படிய மறுக்கிறது என்று வழக்குப் போட்டான். முதல் உத்தரவை எழுதிய நீதிபதி ஹஸபுல்லாவே நேரில் பார்க்க வந்தார். தவ்ஹீதா உத்தரவு கொடுத்தாள், கதவு திறந்தது, அவர் காபி குடித்தார். அவர் அங்கிக்குப் பின்னால் ஒளிந்து நுழையப் பார்த்த ஷெஹாத்தாவை நிலைப்படி நெற்றியில் ஒரு வைப்பு வைத்தது. நீதிபதி மீசையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "வீடு இருக்கு. கீழ்ப்படிதலும் இருக்கு, என் கண்ணால பாத்தேன். யாருக்கு யார் கீழ்ப்படியணும்னு நான் எழுதியிருக்கணும், எழுதாம விட்டுட்டேன். காபி பிரமாதம்மா." அடித்ததற்கு அவள் அண்ணனும் காதைப் பார்த்த வைத்தியரும் சாட்சி சொன்னார்கள், விவாகரத்தும் கிடைத்தது.

வீட்டுக்கு வீடு ஒட்டுச்சுவர் உள்ள ஊரில் ஈரம் ஒரு வீட்டோடு நிற்காது, இதுவும் நிற்கவில்லை. கிடங்குச் சந்திலிருந்து செக்கடிக்கும், அங்கிருந்து ரயில்வே லயனுக்கும் பரவியது. பூட்டி வைக்கப்பட்டிருந்த பெண்கள் ஜன்னலில் உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்தார்கள். பூட்டியவர்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி தெருவில் நின்றார்கள். என்ன கொண்டாட்டம் அது! பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்களை மித் ரைஹான் வீடுகளுக்கே அனுப்பச் சொல்லி கோர்ட்டில் கேட்டார்கள். அடுத்த வருஷம், மனைவிகளைப் போலீஸ் இனி இழுத்துப்போக வேண்டாம் என்று கெய்ரோவிலிருந்து ஆணை வந்தது. பத்திரிகைகள் வேறு காரணம் எழுதின. ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தவ்ஹீதா அந்த வீட்டிலேயே குடியிருந்தாள். ஆனால் அவளுக்கு ஒன்று உறுத்தத் தொடங்கியது. அவள் தும்மினால் ஜன்னல் சாத்திக்கொண்டது. அவள் முகம் கொஞ்சம் சுருங்கினால் சுவர்கள் நடுங்கின. அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்த நடுக்கம். அப்படி நடுங்குகிற உடம்போடுதான் அவள் ஒருவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது நிலைப்படியில் கை வைத்து, "போதும்ப்பா. இனிமே நீ யாருக்கும் கீழ்ப்படிய வேணாம், எனக்குந்தான்" என்றாள். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அவசரப்பட்டுவிட்டோமோ என்ற யோசனையில் அன்றைக்கு நாலைந்து இணைப்பை மாற்றிக் கொடுத்தாள். இருப்பது அந்த ஒரு கூரைதான்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு சந்து முனையைத் தாண்டி, வெயில் விழுகிற பக்கம் போய் நின்றிருந்தது. உம்மு நஸீஃப் நாற்காலியில் ஏறி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிய துணிக்கொடியை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். "மத்தியானமே நகந்துடுச்சும்மா. கொடிக்கயிறு பத்தல, வேற ஒண்ணுமில்ல."

தவ்ஹீதா கதவைத் தட்டினாள். "நான் உள்ள வரலாமா?"

வீடு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு திறந்தது. அவள் உள்ளே போய் அடுப்பில் பருப்பை ஏற்றினாள்.