பின் இருக்கையில் இருந்த சுவிட்ச்

டெல்மர் அந்த விமானத்தைத் தன் வீட்டுக் கொட்டகையிலேயே ஒன்பது வருடம் கட்டினான். எஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து எடுத்தது. அதைக் கிளப்ப மோட்டார் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிவிட வேண்டும். எடை குறையட்டும் என்று அவனே எடுத்த முடிவு.

அமெரிக்காவின் அயோவாவில், அந்தப் புல்தரை ஓடுதளத்தில் சனிக்கிழமை கூடுகிறவர்களுக்கு அந்த எஞ்சின் என்றால் ஒரே சிரிப்பு. அதிலும் அங்கே பக்கத்து விமானக் கொட்டகை வைத்திருந்த கார்லண்ட் விடவே மாட்டான்.

"என்னடா டெல்மர், பறக்கப் போறியா, புல்லு வெட்டப் போறியா?"

டெல்மரும் கூடச் சிரிப்பான். பிறகு தனியாக உட்கார்ந்து எஞ்சினின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துடைப்பான்.

வீட்டில் கட்டிய விமானத்தில் ஆள் ஏற்றுமுன், விதிப்படி நாற்பது மணி நேரம் தனியாகப் பறந்தான். எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. அது முடிந்த அடுத்த வாரம் கார்லண்டை ஏற்றிக்கொண்டான். இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்று, ஓட்டுகிறவன் பின்னால். எஞ்சினின் சுவிட்சும் பின்னால்தான்.

"நான் செத்தா என் பொண்டாட்டி லவோனுக்கு நீதான் பதில் சொல்லணும்," என்றான் கார்லண்ட்.

"நானும்தானே கூடச் செத்திருப்பேன்?"

"அது ஒண்ணுதான் ஆறுதல்."

ஆயிரத்து ஐந்நூறு அடியில், முன்னாலிருந்த அந்தத் தடித்த கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்த டெல்மருக்கு ஓர் ஆசை வந்தது. இவன் அலறுவதை ஒரு முறை கேட்க வேண்டும். சுவிட்சை அணைத்தான். காற்றின் வேகத்தில் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும். மறுபடி சுவிட்சைப் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அதுதான் கணக்கு.

"டெல்மர்! டேய், என்னடா ஆச்சு? ஐயோ, ஏதாவது செய்டா!"

கேட்கக் கேட்க இனித்தது. இன்னும் கொஞ்சம் என்று விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்கினான். வேகம் குறைந்தது. புரொப்பெல்லர் ஒரு முறை தயங்கி, குறுக்காக நின்றுவிட்டது.

சுவிட்சைப் போட்டான். காற்றாவது சுழற்றட்டும் என்று விமானத்தைத் தலைகுப்புறப் பாயவிட்டுப் பார்த்தான். இருந்த உயரமெல்லாம் அதிலேயே தீர்ந்தது. புரொப்பெல்லர் அசையவில்லை. சுழற்றிவிட முன்னால் ஆள் யாரும் நிற்கவில்லை.

மக்காச்சோள வயலில் இறக்கினான். தரையைத் தொடுமுன் பெட்ரோலை மூடி, சுவிட்சையும் அணைத்தான். எஞ்சின் நின்றுபோனால் எல்லோரும் செய்வதுதான். அதனால் அணைந்திருந்த சுவிட்ச் பிறகு யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சக்கரங்கள் மடங்கின. டெல்மருக்கு உதடு கிழிந்தது. முன்னால் ஓர் இரும்புக் குழாய் வளைந்து கார்லண்டின் வலது காலைப் பிடித்துக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்தவர் எஞ்சினைக் குடைந்து பார்த்தார். பழுது எதுவும் இல்லை. ஈரமான ஜூலைக் காற்று, பெட்ரோல் ஆவியாகும் குளிரில் கார்புரேட்டருக்குள் பனி கட்டி எஞ்சின் நின்றிருக்கும் என்றார். உருகிப்போன பனிக்குத் தடயம் ஏது? டெல்மர் தலையாட்டினான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஓடுதளத்தில் எல்லோரும் கூடும் காலைச் சாப்பாட்டுக்குக் கார்லண்ட் சக்கர நாற்காலியில் வந்தான். தள்ளிக்கொண்டு வந்தவள் லவோன். எஞ்சினை அதன் டேங்க், சுவிட்சோடு ஒரு கனத்த மரச் சட்டத்தில் இறுக்கிக் கொட்டகை வாசலில் வைத்திருந்தார்கள். குறுக்காக நின்றிருந்ததால் புரொப்பெல்லரில் ஒரு கீறல்கூட இல்லை. மேலே ஓர் அட்டை தொங்கியது: 'கார்லண்டின் காலைத் தின்றது.' எழுதியது கார்லண்டேதான்.

"டெல்மர் மேல எனக்குக் கோபமே இல்லப்பா. என் உயிரைக் காப்பாத்தினவன். ஆனா இந்தக் குப்பை இருக்கே, நான் அப்பவே சொன்னேன். இனி நூறு தடவை சுத்தினாலும் தும்மக்கூடச் செய்யாது."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரிக்க வேண்டிய இடம். இரண்டு மாதமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். இன்று முடியவில்லை. பான்கேக் தட்டைக் கீழே வைத்தான். கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றினான், சட்டத்தில் அடித்திருந்த சுவிட்சைப் போட்டான், புரொப்பெல்லரைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினான்.

முதல் சுழற்றிலேயே பிடித்தது. காகிதத் தட்டுகள் பறந்தன. ஓர் இருமல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை.

"கேளுங்கடா! தங்கமான எஞ்சின்! இது ஒரு நாளும் தானா நின்னதே இல்ல!"

கத்திய பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. கார்லண்ட் நாற்காலியை உருட்டி அருகே வந்து, கையை நீட்டி, சுவிட்சை அணைத்தான். புரொப்பெல்லர் குறுக்காக நின்றது. அதைப் பார்த்தான், பிறகு தன் விரல் இன்னும் தொட்டிருந்த சுவிட்சைப் பார்த்தான்.

"லவோன், இங்க வா," என்றான். "இவன் உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்."