படுக்க வைக்கச் சொன்ன போத்தல்கள்

என் மனுசன் இரகசியமாக வந்து குடித்துவிட்டுப் போகிறார் என்று ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "ரீச்சருக்கு மூளை தட்டிப்போட்டுது" என்பார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் கணக்குப் படிப்பிக்கிறவள் நான். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். இதையும் அளந்து பார்த்துத்தான் நம்பினேன்.

அவர் பெயர் தியாகராசா. துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கொம்பனியில் ஸ்டோர் கீப்பர். பார்சல்களுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைப்பதும் அவர் வேலைதான். ஒவ்வொரு நாளும் சட்டையில் சிவப்புப் பொட்டு பொட்டாக ஒட்டிக்கொண்டு வரும். தேய்த்துத் தேய்த்து எனக்குக் கை நொந்ததுதான் மிச்சம். எண்பத்தெட்டாம் ஆண்டு, ஏதோ உதவி செய்ததற்காக ஒரு பிரெஞ்சுக் கப்பலின் கப்டன் அவருக்கு ஆறு வைன் போத்தல்கள் கொடுத்தான். மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு, படுக்க வைத்து, பிறந்த பிள்ளையைக் கொண்டுவருவது போல வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தார். லேபிளில் 1970 என்று இருந்தது.

"இந்த வீட்டுக்குள்ள சாராயமோ?" என்று வாசலிலேயே மறித்தேன்.

"இது குடிக்கிற சாமான் இல்லை, தேவி. பழசாகப் பழசாக விலை ஏறும். நாங்கள் கிழடாகேக்க இதுதான் எங்கட பென்சன். ஒண்டு மட்டும் கேள். இதுகள் படுத்துத்தான் இருக்கவேணும். நிமித்தி வைக்கக்கூடாது."

"உங்களை மாதிரித்தான், எந்த நேரமும் படுக்கை" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பிள்ளைகளிடம் ஆயிரம் தடவை 'ஏன்' கேட்கிற வாய்க்கு அன்றைக்கு என்ன வந்ததோ தெரியாது. பெட்டி கட்டிலுக்குக் கீழே போனது.

தொண்ணூற்றொன்றில் கொழும்பில் ஒரு குண்டு வெடித்த மறுநாள் காலை, சோற்றுப் பார்சலோடு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஜீப்பில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவன் சொன்னான், பிறகு தான் காணவில்லை என்றான். நான் போகாத இடமில்லை, கெஞ்சாத ஆளில்லை. பொலிஸிலும் சிறையிலும் எந்தப் பதிவு இடாப்பிலும் அந்தப் பெயர் இல்லை.

இரண்டு கிழமை கழித்து ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்துச் சோதித்தார்கள். கட்டிலுக்குக் கீழே பெட்டியைத் திறந்த பொடியன், வைக்கோலுக்குள் கழுத்து நீட்டிக்கொண்டு கிடந்த போத்தல்களைக் கண்டதும் பின்னால் பாய்ந்தான். குண்டு என்று எல்லோரையும் றோட்டுக்கு விரட்டினார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். கடைசியில் பெரியவன் ஒருவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தான். இப்படியான சாமானை ஒளித்து வைக்காதே, வருகிறவர்கள் கண்ணுக்குப் படும்படி நிமிர்த்தி வை, இல்லாவிட்டால் அடுத்த முறை வீண் வில்லங்கம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் துவக்கு வைத்திருக்கிறவன் சொல்வதைத்தானே கேட்கவேண்டியிருந்தது. ஆறையும் எடுத்து, முன்னறை ஷோகேஸில், வாசலைப் பார்க்க வரிசையாக நிமிர்த்தி வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், ஒன்றின் கழுத்தில் மட்டும் சிவப்பு அரக்கு பூசியிருந்தது. இதுதான் ஆறிலும் திறமானது என்று நினைத்து நடுவில் வைத்தேன்.

தொண்ணூற்று மூன்றில், எங்கள் கலியாண நாளன்று தூசி தட்டும்போது, ஒரு போத்தலில் வைன் குறைந்திருந்ததைக் கண்டேன். கண் பிழை என்றுதான் நினைத்தேன். ஷோகேஸ் பூட்டியே இருந்தது, திறப்பு என் தாலிக்கொடியில் கிடந்தது. லேபிள் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அடுத்த வருடம் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. அதற்கடுத்த வருடம் மற்றப் போத்தல்களிலும். ஒன்றில் ஒரு விரல், ஒன்றில் இரண்டு விரல். அரக்குப் போத்தல் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த மனுசனின் குணமே அதுதான். ஒரு புத்தகத்தையாவது முடித்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பாரா? எல்லாவற்றிலும் கொஞ்சம், ஒன்றும் முழுதாக இல்லை. நல்லதைக் கடைசிக்கு வைப்பார், தட்டில் பொரித்த மீன் துண்டை ஒதுக்கி வைப்பதைப் போல. எனக்கு அதிலே ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "வாற ஆள் என்னை ஒருக்கா எழுப்பினால் என்ன?" என்று ஷோகேஸைப் பார்த்துப் பேசுவேன். எங்கள் வீடு கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில். நாலரை ரயில் போகும்போது வீடு அதிரும், ஆறு போத்தலும் ஒன்றோடொன்று முட்டிக் கிணுங்கும். "ஓம், கேக்குது" என்பேன். வீட்டில் இருந்தபோது ஒரு சொட்டுக்கும் விடாத நான், வெள்ளிக்கிழமைகளில் கச்சான் கடலை வறுத்து ஒரு சின்னத் தட்டில் ஷோகேஸுக்கு மேலே வைக்கத் தொடங்கினேன். மறுநாள் பார்த்தால் குறைந்திருக்கும். எலி என்று எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வைத்தேன்.

பொட்டை அழிக்கவில்லை. திவசம் செய்யவில்லை. வீட்டில் இருக்கிற ஆட்களை வருடா வருடம் பொலிஸில் பதிகிற துண்டில் இரண்டு பேர் என்றே எழுதினேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு தையில் வீட்டுக்காரர் ஸவாஹிர் ஹாஜியார் வந்தார். நல்ல மனுசன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டீச்சர், வீட்ட உடச்சி ஃபிளாட் கட்டப்போறம். பங்குனி முடிய ஆக்கள் வாறாங்க. ஒங்களுக்கு இதே எடத்திலயே ஒரு ஃபிளாட் எடுத்துத் தாறன். மூணு லட்சம் முன்னுக்குக் கட்டணும்."

"ஹாஜியார், மூண்டு லட்சத்துக்கு நான் எங்க போறது? இந்த விலாசம்தானே அவருக்குத் தெரியும். வந்து பாத்து வீடில்லையெண்டால் அந்த மனுசன் எங்க போய் நிக்கும்?"

ஹாஜியார் சங்கடத்தில் கண்ணை எங்கேயோ திருப்பப் பார்த்து, ஷோகேஸில் திருப்பிவிட்டார்.

"எங்களுக்கு இது ஹராம். ஆனா கறுவாத்தோட்டத்தில ஒருத்தர் இப்பிடிப் பழைய போத்தல் ஒண்ட அறுபதாயிரத்துக்கு வித்தாராம். கொட்டாஞ்சேனையில மெற்றில்டா எண்டு ஒரு கிறிஸ்தவ அம்மா ஈக்கிறா. கோட்டையில வைன் எறக்குற கொம்பனி ஒண்டுல முப்பது வருசம் வேல செஞ்சவ. ஒருக்காக் காட்டிப் பாருங்களேன்."

ஒன்று அறுபதாயிரம் என்றால் ஐந்து மூன்று லட்சம். மனதுக்குள் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன். என் மனுசன் சொன்ன பென்சன்தான், விலாசத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறது. ஒரே ஒரு கவலை, குடித்துக் குறைத்து வைத்திருக்கிறாரே. "குடிச்சது நீங்கள், நட்டப்படுறது நான்" என்று அன்றைக்கு முழுக்கப் பேசினேன்.

சனிக்கிழமை ஆகக் குறைந்த போத்தல் ஒன்றையும் அரக்குப் போத்தலையும் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு பொலிஸ்காரன் துவாயை விரித்தான். "மே மொனவத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். வைன் என்றேன். அடையாள அட்டையைப் பார்த்தான், பதிவுத் துண்டை விரித்து இரண்டாவது பெயரில் விரலை வைத்தான்.

"தியாகராஜா கோ?" தியாகராசா எங்கே?

"வெடட்ட கிஹில்லா." வேலைக்குப் போயிருக்கிறார். ஒன்பது வருடமாக எல்லாச் சாவடியிலும் இதைத்தான் சொல்கிறேன். வேலைக்குத்தானே போனார், அதில் பொய் இல்லை.

மெற்றில்டா கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தார். எழுபது வயது இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் போத்தலை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தக்கையை விரலால் அமுக்கினார். அது ஆடியது.

"இந்தப் பென்சில் கோடெல்லாம் என்னா டீச்சர்?"

"வருசா வருசம் குறைஞ்சது."

"நிமுத்தியா வச்சிருந்தீங்க?"

"ஓம். ஆமிக்காரன் அப்பிடி வைக்கச் சொன்னவன்."

அவர் போத்தலை மேசையில் வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். "வைன் போத்தலப் படுக்க வைக்கணும் டீச்சர். அப்பத்தான் தக்கை நனஞ்சு ஊதி, கழுத்த இறுக்கிப் பிடிச்சிருக்கும். நிமுத்தி வச்சா காஞ்சு சுருங்கிடும். காத்து உள்ள போகும், வைன் ஆவியாப் போயிடும். நம்ம கொழும்பு வெக்கைக்குக் கேக்கணுமா?"

"அப்ப ஒருத்தரும் குடிக்கேல்லையா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே விளங்கியது. "இல்ல மகள். காத்துதான் குடிச்சிருக்குது" என்றார். அதுவரை அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டிருந்தார். தக்கையைத் திருகி எடுத்து ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றினார். புளித்த மணம் மூக்கில் ஏறியது. வினாகிரி. "அச்சாறு போட நல்லாருக்கும்" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார்.

"இது குறையேல்லை. இதைப் பாருங்கோ" என்று அரக்குப் போத்தலை நீட்டினேன். இது ஒன்றாவது ஆறின் விலைக்குப் போகாதா என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். கத்தி நுனியால் அரக்கைச் சுரண்டி முகர்ந்தார். "இது பிரான்சில போட்டது இல்லயே. நம்ம பார்சலுக்கு வைக்கிற சீலரக்குல்ல இது."

சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்த அதே சிவப்பு. ஒன்பது வருடம் வாசலுக்கு நேரே வைத்துப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. வெளிநாட்டுச் சாமான் என்றால் எங்களுக்குக் கண் அவிந்துவிடும்.

அவர் தக்கையைக் கழற்றி இன்னொரு கோப்பையில் ஊற்றினார். மண்ணிறமாக வந்தது. ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார், உடனே துப்பினார். "தேத்தண்ணி, டீச்சர். வெறும் ப்ளேன்டி." போத்தலைச் சாய்த்தபோது அடியில் ஏதோ உருண்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு துண்டு இஞ்சி.

இஞ்சி போடாமல் என் மனுசன் ப்ளேன்டி குடித்ததே இல்லை. ஊரை ஏமாற்றத் தேநீர் ஊற்றுகிறவன் அதற்கும் இஞ்சி தட்டிப் போடுவானா? என் மனுசன் போடுவார். கெட்டிலில் தனக்குப் போட்டதில் பாதியை அதற்குள் ஊற்றியிருப்பார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மெற்றில்டாவின் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாது. ஒன்பது வருடத்தில் நான் அப்படி அழவில்லை, காணாமல் போன அன்றைக்கும் அழவில்லை. அந்தக் கிழவி எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் அதைக் குடித்தது எந்த நாள் என்றும் நினைவு வந்தது. தொண்ணூறாம் ஆண்டு கந்தசஷ்டி. ஆறு நாளும் நான் விரதம், பின்னேரம் முழுக்கக் கோயிலில். சூரன்போர் முடிந்து வீட்டுக்கு வந்தால், மனுசன் வெற்றிலை போட்டுக்கொண்டு, ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். என்ன மணம் என்று கேட்டேன். பல்லுக்குப் போட்ட மருந்து என்றார். "தேவி, ஒருக்கா இதில வந்து இரன். சும்மா இரன், கொஞ்ச நேரம்" என்று கதிரையைக் காட்டினார். "விரதக்காரியைத் தொடாதேங்கோ" என்று திட்டிவிட்டு நான் குளிக்கப் போய்விட்டேன். ஐந்து நிமிடம் இருந்திருக்கலாம். என் வாழ்க்கையில் நான் செய்த பாவம் அது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அவர் குடித்ததாக நான் கோடு போட்டு வைத்த போத்தல்களை அவர் தொடவேயில்லை. தொடாத ஒன்று என்று நினைத்ததைத்தான் உயிரோடு இருந்தபோது, சந்தோசமாக, முழுப் போத்தலாகக் குடித்து முடித்திருக்கிறார். வாழ்நாளில் அவர் முழுதாக முடித்தது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

வினாகிரிப் போத்தலை மெற்றில்டாவிடமே அச்சாறுக்கு விட்டேன். மற்றதைத் தக்கையால் இறுக்கி மூடிக்கொண்டு புறப்பட்டேன்.

திரும்பும்போது அதே சாவடி, அதே பொலிஸ்காரன். போத்தல் ஒன்று குறைந்திருந்ததால் சந்தேகப்பட்டு இதைத் திறந்து முகர்ந்தான், முகத்தைச் சுளித்தான். "ப்ளேன்டி" என்றேன். பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, துண்டை மறுபடி விரித்தான்.

"தியாகராஜா தாம வெடத?" இன்னும் வேலையிலா?

எனக்குப் பின்னால் பஸ் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வெயில் சுட்டது.

"மெரிலா" என்றேன். செத்துப்போனார். நான் படிப்பிக்காத, கடையிலும் சாவடியிலும் மட்டும் பேசுகிற பாசையில் அது சுலபமாக வந்துவிட்டது. அவன் விரலை எடுத்தான். துண்டை மடித்து, இரண்டு கையாலும் திருப்பித் தந்தான்.

வெள்ளவத்தையில் இறங்கி நேரே ஹாஜியாரின் கடைக்குப் போனேன். அவர் எழுந்து நின்றார். "என்ன டீச்சர், ஏதாவது பெறுமதி ஈக்கிதாம்?"

"வீட்டை உடையுங்கோ, ஹாஜியார்" என்றேன். அடுத்ததைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "அவர் செத்துப்போனார். இனி வரமாட்டார்."

பங்குனி முடிவதற்குள் சாமான் கட்டினேன். ஷோகேஸிலிருந்த நாலையும் வெளியே கொண்டுபோய் ஊற்றினேன். நாலரை ரயில் போனது, வீடு அதிர்ந்தது, கிணுங்க ஒன்றும் இருக்கவில்லை. தேத்தண்ணிப் போத்தலை மட்டும் சூட்கேஸில், சேலைகளுக்கு நடுவே, அவர் சொன்னபடி படுக்க வைத்தேன்.