பேமானி என்றால் நம்பிக்கை

நாகராஜனுக்குத் திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் சேர்த்து வாயில் ஒரே சொல்தான்: பேமானி. மோட்டார் ஓடாவிட்டாலும் பேமானி, டவுன் பஸ் நிற்காமல் போனாலும் பேமானி, கன்றுக்குட்டி வந்து கையை நக்கினாலும் பேமானி. வெட்கங்கெட்டவன் என்று அதற்கு ஓர் அர்த்தம் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. சொந்த ஊரான பண்டசோழநல்லூரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதுமில்லை. வினை ஆப்பிரிக்காவில்தான் விளைந்தது.

முந்தின வருஷம் அவரும் மனைவி வள்ளியம்மாளும் மகன் புகழ்வேந்தனோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று தான்சானியா போனார்கள். மகனுக்கு அங்கே ஒரு சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட் வேலை. சும்மா உட்கார்ந்திருப்பது நாகராஜனுக்கு நாலாம் நாளே அலுத்துவிட்டது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்று இருந்தது. வேலியோரம் நின்று பார்த்தார். தோட்டக்காரர் மண்வெட்டி பிடித்த லட்சணம் பொறுக்கவில்லை. உள்ளே போய் அதை வாங்கி வெட்ட ஆரம்பித்தவர்தான். மறுநாள் இல்லத்தின் தலைவி சிஸ்டர் இம்மாகுலாத்தா அவர் கழுத்தில் 'வாலண்டியர்' என்று அட்டை மாட்டிவிட்டார்.

நாற்பது பிள்ளைகள். அவருக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. "பாபு, பாபு" என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். "என் பேரு பாபு இல்லடா, நாகராஜன்" என்று ஒரு வாரம் சண்டை போட்டார். சுவாஹிலியில் பாபு என்றால் தாத்தா என்று மகன் சொன்ன பிறகுதான் அடங்கினார். மற்றபடி கையும் கண்ணும் அந்த ஒரு சொல்லும் போதுமாக இருந்தன. "பேமானி, தண்ணிய மெதுவா ஊத்துடா." "யார்டி அது, பேமானி, நாத்த மிதிக்கிறவ?" கத்தரி காய்த்தது, வெண்டை காய்த்தது, முருங்கைக் கொம்புகள் துளிர்த்தன. அவர் ஊர் திரும்பினார்.

பத்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சிஸ்டரே வீடியோ கால் போட்டார். இல்லத்துக்கு இருபதாம் ஆண்டு விழாவாம். தலைநகர்ப் பக்கத்துத் தமிழ்ச் சங்கமொன்றின் தலைவர் சிறப்பு விருந்தினராக வருகிறாராம்.

"நீங்களும் வரணும். இரண்டு மாதமாவது இருக்கணும்" என்றார், நாகராஜனின் பத்தாங்கிளாஸ் ஆங்கிலத்துக்கு ஏற்ற மாதிரி நிறுத்தி நிறுத்தி. "பிள்ளைகள் தமிழிலேயே வரவேற்பு ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். கேளுங்கள்."

நாற்பது பேரும் கைகூப்பினார்கள். "வணக்கம், பேமானி!"

பக்கத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த வள்ளியம்மாளுக்கு வாயில் போட்ட வேர்க்கடலை புரையேறியது.

சிஸ்டருக்கோ முகமெல்லாம் பெருமை. "எங்கள் பாஷையில் இமானி என்றால் நம்பிக்கை. உங்கள் சொல்லிலும் அது இருப்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன். தினமும் ஜெபம் முடிந்ததும் ஒருவரையொருவர் அப்படித்தான் வாழ்த்திக்கொள்கிறோம். சரிதானே?"

"எஸ் சிஸ்டர். வெரி குட் வேர்டு" என்றார் நாகராஜன்.

போனை வைத்ததும் வள்ளியம்மாள் பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா சொல்லிக் குடுத்து வச்சிருக்க, பச்சப் புள்ளைங்களுக்கு?"

"நான் எங்கமே சொல்லிக் குடுத்தேன்? அதுங்களா புடிச்சிகிச்சுங்க."

அடுத்து மகன் கூப்பிட்டான். "அப்பா, அந்தச் சங்கத் தலைவரு எங்க ஜி.எம்.முக்கு சம்பந்தி. புள்ளைங்க அவரப் பாத்து பேமானின்னு சொன்னா, நான் மூட்ட கட்ட வேண்டியதுதான். நீயே வந்து அத அதுங்க வாயிலேர்ந்து எடுத்து வுடு."

"சிஸ்டர் கிட்ட நீ சொல்லேன்டா."

"எப்படிப்பா சொல்றது? எனக்கே தெனம் சொல்லி வாழ்த்துறாங்க."

கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரும் நேரம். அதை வள்ளியம்மாள் பார்த்துக்கொள்வதென்று முடிவானது. பக்கத்து நிலத்து மணிபாரதி விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தான். "வாலண்டியரா போயி மாட்டிக்கினான்னு சொல்லுவாங்க. பாஸ்போர்ட் எடுத்துகினு போயி மாட்டிக்கிறத இப்பதான் மாமா பாக்குறேன்."

விழாவுக்கு ஐந்து நாள் முன்பு நாகராஜன் போய் இறங்கினார். இல்லத்து வாட்ச்மேன் கதவைத் திறந்து சல்யூட் அடித்தார்: "பேமானி, பாபு!" பால் கொண்டுவந்தவர் சொன்னார். மினி பஸ் கண்டக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சொன்னார். அந்தச் சொல் வேலியைத் தாண்டிக் கடைத்தெருவரை போய்விட்டதென்று நாகராஜனுக்குப் புரிந்தது.

மறுநாள் பிள்ளைகளை உட்கார வைத்தார். "பேமானி வேணாம். கண்ணு. சொல்லுங்க, கண்ணு."

"கண்ணு" என்றார்கள், கஷாயம் குடிக்கிற முகத்தோடு. எழுந்து ஓடியதும், "பேமானி! பேமானி!" முன்பல் இரண்டு விழுந்த நீமா என்கிற ஏழு வயதுக்காரி மட்டும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ரகசியம் போல, "பேமானி" என்றாள். நாகராஜன் சிரித்துத் தொலைத்தார். அன்றைய பாடம் அதோடு போயிற்று.

நாலாம் நாள் வேறு வழியில்லாமல் சிஸ்டரின் அறைக்குப் போனார்.

"சிஸ்டர், பேமானி... நோ குட். பேட் வேர்டு. இமானி இல்லை. நோ இமானி மேன்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு கெட்ட வார்த்தை?"

நாகராஜன் கையால் முழங்கால் உயரம் காட்டினார். கொஞ்சம் யோசித்து இடுப்புவரை உயர்த்தினார்.

"ஆயருக்கு ஈஸ்டர் வாழ்த்து எழுதினேன். கடைசி வரி அதுதான்" என்றார் சிஸ்டர். அவர் குரல் நடுங்கியது. "அவரும் பதிலில் என்னை அப்படியே வாழ்த்தியிருந்தார்." அழப்போகிறார் என்று நாகராஜன் பயந்தார். சிஸ்டர் மேஜையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே உத்தரவு போட்டார்: விழாவில் 'வணக்கம்' மட்டும்.

சங்கத் தலைவர் அரிகரன் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழைப் புத்தகத்தில் மட்டுமே படித்தவர். பட்டு வேட்டியில் வந்தார். அவர் மனைவி உஷாராணி கல்யாணமாகி இந்தியாவிலிருந்து போனவர். பிள்ளைகள் "வணக்கம்" என்று சொல்லி ஒழுங்காக நிறுத்திக்கொண்டார்கள். புகழ்வேந்தன் ஜி.எம். பக்கத்தில் நின்று மூச்சு விட்டான்.

பூச்செண்டு கொடுக்கப் போனவள் நீமா. அரிகரன் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, பெரிய சாக்லேட் பெட்டி ஒன்றைக் கையில் வைத்தார். அவ்வளவு பெரிய பெட்டியை அவள் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் உத்தரவு மறந்தது.

"பேமானி!" என்று மைக்கில் கத்தினாள்.

"என்ன சொல்கிறது குழந்தை?" என்று அரிகரன் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் நாகராஜனைப் பார்த்தார்கள்.

"பெருமானேன்னு சொல்ல வருதுங்க ஐயா. நாக்கு பொரளல" என்றார் நாகராஜன்.

அரிகரன் கண்கள் விரிந்தன. "பெம்மான்! பழம்பாடல்களில் இறைவனை அழைக்கும் சொல் அல்லவா! இங்கே, இந்தக் குழந்தையின் வாயில்!" மைக்கை வாங்கினார். "என் அன்புப் பெம்மானிகளே!" என்று தொடங்கி இருபது நிமிஷம் பேசினார். ஒவ்வொரு முறை அவர் அப்படி அழைக்கும்போதும் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். புகழ்வேந்தன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் உஷாராணி மெல்ல நாகராஜன் பக்கம் வந்தார். "எந்த ஊருங்க நீங்க?"

"பண்டசோழநல்லூருங்க."

"அதான பாத்தேன். நான் பக்கத்துல திருபுவனை." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இனிமே வூட்ல இவரு என்னை அப்படித்தான் கூப்புடப் போறாரு. உங்களுக்கு நல்லா இருக்கா?"

"சொல்லிடாதம்மா. பையன் வேல போயிடும்."

"சொன்னா மட்டும் நம்புவாரா? போங்க, பாயசம் குடிங்க."

விழா முடிவில் அரிகரன், சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடக்கும், ஆசிரியர் நாகராஜன் என்று அறிவித்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த சனிக்கிழமையெல்லாம் நாகராஜன் கரும்பலகையில் அ, ஆ எழுதினார். நாக்கை அடக்கிக்கொள்வதென்று உறுதி எடுத்தார்.

முதல் வகுப்பு முடிந்த மறுநாள் தோட்டத்தில் நீமா புதுக் கத்தரி நாற்று நாலை ஒரே மிதியில் மிதித்தாள். நாகராஜன் வாயைத் திறந்தார், மூடினார், எச்சில் விழுங்கினார்.

"அம்மா நீமா, பாத்துப் போம்மா" என்றார்.

நீமா அசையாமல் நின்றாள். அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு, தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று கத்திக்கொண்டே சிஸ்டரைக் கூப்பிட ஓடினாள்.